பரிசோதனைக்கு முன் பத்து நிமிடம்

ஆம்பூர், வாணியம்பாடி, பேர்ணாம்பட்டு, ராணிப்பேட்டை வட்டாரங்களில் பொழுது புலர்ந்ததும் சாலைகளில் தொழிற்சாலைப் பேருந்துகள் வரிசைகட்டத் தொடங்கிவிடும். சுற்றுவட்டக் கிராமங்களில் காத்திருக்கும் பெண்களை ஏற்றிக்கொண்டு, 'ஷூ கம்பெனி' என்று மக்கள் அழைக்கும் காலணித் தொழிற்சாலைகளின் வாயிலில் அவை இறக்கிவிடுகின்றன. தோல் பதனிடும் ஆலைகளில் ஆண்களே மிகுதி. காலணியின் மேற்பகுதியை ஒட்டித் தைக்கும் பிரிவுகளிலோ பெண்களே மிகுதி. ஆலைக்குச் செல்ல இயலாத பெண்கள் பலர் வீட்டுத் திண்ணையில் அமர்ந்தே காலணியின் மேற்பகுதியைக் கையால் தைத்துக் கொடுக்கிறார்கள். உலகச் சந்தைக்குச் செல்லும் காலணிகளில் இவர்களுடைய உழைப்பு இருக்கிறது.

இவர்களில் 30 வயதைக் கடந்தவர்களுக்கு, அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் கருப்பைவாய்ப் புற்றுநோய்க்கான பரிசோதனை கட்டணமின்றிக் கிடைக்கிறது. சில நிமிடங்களில் முடிந்துவிடும் எளிய பரிசோதனை அது. ஆயினும், பரிசோதனை இருக்கிறது என்பதாலேயே பெண்கள் வந்துவிடுவதில்லை. வந்தவர்கள் அனைவரும் சிகிச்சை வரை செல்வதுமில்லை. இந்த இடைவெளியைக் கடக்கக் கருவிகளோ கட்டடங்களோ மட்டும் போதா. செவிலியர் ஒருவர் ஒரு பெண்ணிடம் நிதானமாகப் பேசும் பத்து நிமிடமும் வேண்டும். செவிலியரின் கைக்குப் பரிசோதனை செய்யப் பயிற்சி அளிக்கிறோம். அந்தப் பத்து நிமிடத்தில் என்ன பேசுவது, எப்படிப் பேசுவது என்பதற்கும் அதே அளவு பயிற்சி அளிக்கிறோமா என்பதுதான் இங்கே எழும் கேள்வி.

தடுக்கக்கூடிய ஒரு புற்றுநோய்

கருப்பையின் அடிப்பகுதியில், பிறப்புறுப்புப் பாதையை நோக்கியிருக்கும் குறுகிய பகுதியே கருப்பைவாய். இங்கு உண்டாகும் புற்றுநோய், இந்தியப் பெண்களைத் தாக்கும் புற்றுநோய்களில் மார்பகப் புற்றுநோய்க்கு அடுத்த நிலையில் உள்ளது. பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமையின் 2022-ஆம் ஆண்டுக்கான மதிப்பீட்டின்படி, இந்தியாவில் ஓராண்டில் ஏறத்தாழ 1.27 லட்சம் பெண்களுக்கு இந்நோய் புதிதாகக் கண்டறியப்பட்டது. ஏறத்தாழ 80 ஆயிரம் பேர் உயிரிழந்தனர்.

இந்த எண்ணிக்கையைவிட வேதனை தருவது, இந்நோய் பெரும்பாலும் தடுக்கக்கூடியது என்பதுதான். ஹியூமன் பாப்பிலோமா வைரஸ் எனப்படும் எச்.பி.வி. கிருமியே இதற்கு அடிப்படைக் காரணம். அதைக் கண்டறிந்த ஜெர்மானிய அறிவியலாளர் ஹரால்ட் சுர் ஹாசனுக்கு 2008-இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது. இக்கிருமியின் பல வகைகளில் 16, 18 என்று எண்ணிடப்பட்ட இரு வகைகள் மட்டுமே சுமார் 70 சதவீதக் கருப்பைவாய்ப் புற்றுநோய்களுக்குக் காரணமாகின்றன.

தொற்று ஏற்பட்டவுடன் புற்றுநோய் வந்துவிடுவதில்லை. பெரும்பாலான பெண்களுக்கு ஓரிரு ஆண்டுகளில் உடலே அக்கிருமியை வெளியேற்றிவிடுகிறது. சிலருக்கு மட்டும் அது நிலைத்து, கருப்பைவாயின் செல்களில் மாற்றங்களை உண்டாக்குகிறது. நோய் எதிர்ப்புத் திறன் இயல்பாக உள்ள பெண்ணுக்கு, இந்த மாற்றம் புற்றுநோயாக முற்றுவதற்குப் பொதுவாக 15 முதல் 20 ஆண்டுகள் ஆகின்றன. எச்.ஐ.வி. தொற்றுக்குச் சிகிச்சை பெறாதவர்களுக்கு இக்காலம் 5 முதல் 10 ஆண்டுகளாகச் சுருங்கிவிடுகிறது. இவ்வளவு நீண்ட அவகாசம் தரும் புற்றுநோய்கள் மிகச் சிலவே. முன்னிலை மாற்றங்களை அந்த இடைக்காலத்தில் கண்டறிந்து அகற்றிவிட்டால், புற்றுநோய் உருவாவதையே தடுத்துவிடலாம்.

அகற்றுவதற்கான வழிகளும் எளியவையே. 3 முதல் 5 சதவீத அசிட்டிக் அமிலக் கரைசலைப் பஞ்சில் தோய்த்துக் கருப்பைவாயில் தடவி, ஒரு நிமிடம் காத்திருந்து, கண்ணால் பார்க்க வேண்டும். மாற்றமடைந்த இடம் வெண்ணிறத் திட்டாகத் தெரியும். வீட்டில் பயன்படுத்தும் வினிகரும் அசிட்டிக் அமிலக் கரைசலே. வெண்திட்டு தெரிந்தால், கால்போஸ்கோபி என்னும் உருப்பெருக்கிக் கருவியால் மேலும் ஆராய்ந்து, தேவைப்பட்டால் சிறு திசுவை எடுத்துச் சோதிப்பார்கள். திட்டு சிறியதாக இருந்தால், குளிரால் உறையவைத்தோ வெப்பத்தால் சுட்டோ அகற்றிவிடலாம். மயக்க மருந்தோ மருத்துவமனையில் தங்குவதோ பொதுவாகத் தேவைப்படாது.

அம்பிளிக்கை தந்த பாடம்

இந்த எளிய முறை உயிர்களைக் காக்கும் என்பதற்கான வலுவான சான்றுகளுள் ஒன்று தமிழ்நாட்டிலிருந்தே உலகுக்குக் கிடைத்தது. திண்டுக்கல் மாவட்டம் அம்பிளிக்கையிலுள்ள கிறிஸ்தவ ஐக்கிய சமூக சுகாதார மையம், சென்னை அடையாறு புற்றுநோய் நிலையம், பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை ஆகியவை இணைந்து 2000-ஆம் ஆண்டு முதல் 2006 வரை ஓர் ஆய்வை நடத்தின. அதற்குத் தலைமை வகித்தவர் மருத்துவர் ஆர். சங்கரநாராயணன். மாவட்டத்தின் 114 பகுதிகளில் 57 பகுதிகளைச் சேர்ந்த, 30 முதல் 59 வயது வரையிலான பெண்கள் பரிசோதனைக்கு அழைக்கப்பட்டனர். மற்ற 57 பகுதிகள் ஒப்பீட்டுக்காக வைக்கப்பட்டன. பரிசோதித்தவர்கள் பயிற்சி பெற்ற செவிலியர்கள். வெண்திட்டு தெரிந்தவர்களுக்கு கால்போஸ்கோபி செய்தது, திசு எடுத்தது, பொருத்தமானவர்களுக்கு உறைநிலைச் சிகிச்சை அளித்தது ஆகியவையும் அதே வருகையில் செவிலியர்களாலேயே மேற்கொள்ளப்பட்டன.

2007-இல் 'லான்செட்' மருத்துவ இதழில் முடிவுகள் வெளியாயின. ஒரே ஒரு முறை பரிசோதனைக்கு அழைக்கப்பட்ட பகுதிகளில், நோய் உண்டாவது 25 சதவீதமும், அதனால் ஏற்படும் மரணம் 35 சதவீதமும் குறைந்திருந்தன. பின்னர் மும்பையில், பத்தாம் வகுப்பு வரை படித்த சுகாதாரப் பணியாளர்களைக் கொண்டு டாடா நினைவு மருத்துவமனை நடத்திய நீண்டகால ஆய்விலும் மரணம் 31 சதவீதம் குறைந்தது. ஒப்பீட்டுக் குழுவிலிருந்த பெண்களுக்குப் பரிசோதனை அளிக்கப்படாதது அறம்தானா என்ற கேள்வி இந்திய ஆய்வுகளைச் சுற்றி எழுந்தது, அக்கேள்வி நியாயமானதே. அந்தப் பெண்களின் இழப்பையும் விலையாகக் கொண்டு கிடைத்த அறிவு இது என்பதால், அதை முழுமையாகப் பயன்படுத்த வேண்டிய கடமை நமக்குக் கூடுகிறது.

மரணம் குறைந்த செய்தி பரவலாக எடுத்துரைக்கப்பட்டது. அதே ஆய்வின் வேறு சில எண்கள் அவ்வளவாகப் பேசப்படவில்லை. அழைக்கப்பட்ட 49,311 பெண்களில் பரிசோதனைக்கு வந்தவர்கள் 31,343 பேர், அதாவது 63.6 சதவீதம். மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்டோர் வரவில்லை. வந்தவர்களில் 3,088 பேருக்கு வெண்திட்டு தெரிந்தது. அவர்களில் 3,052 பேர் கால்போஸ்கோபி செய்துகொண்டனர். ஏறக்குறைய அனைவரும் என்றே சொல்லலாம். அதே இடத்தில், அதே நாளில், அதே செவிலியரிடம் அது கிடைத்தது. ஆனால், புற்றுநோய்க்கு முந்தைய மாற்றங்கள் உறுதிசெய்யப்பட்ட 1,874 பெண்களில் சிகிச்சை பெற்றவர்கள் 72 சதவீதத்தினர் மட்டுமே.

சிறந்த திட்டமிடலும் அர்ப்பணிப்பும் கொண்ட ஓர் ஆய்விலேயே இந்த நிலை. பரிசோதனை மேசையில் படுத்திருக்கும் பெண்ணுக்கு அடுத்த படி அருகிலேயே இருந்தால், அவர் அதைக் கடந்துவிடுகிறார். வீடு திரும்பி யோசித்து, கணவரிடமும் மாமியாரிடமும் சொல்லி, மீண்டும் கிளம்பி வர வேண்டியிருந்தால் பலர் தயங்கி நின்றுவிடுகிறார்கள். முதல் அழைப்பிலேயே மூன்றில் ஒருவர் நின்றுவிடுகிறார். இந்த இரண்டு தயக்கங்களிலும் தீர்மானிக்கும் இடத்தில் இருப்பது, அந்தப் பெண்ணுக்கு என்ன சொல்லப்பட்டது என்பதே.

பத்தில் ஒருவர்

தமிழ்நாடு இத்துறையில் முன்னோடி மாநிலம். தமிழ்நாடு சுகாதாரத் திட்டத்தின் கீழ் தேனி, தஞ்சாவூர் மாவட்டங்களில் 2007-இல் சோதனை முறையில் தொடங்கிய கருப்பைவாய்ப் பரிசோதனை, பின்னர் மாநிலம் முழுவதும் விரிவடைந்தது. 30 வயது முதல் 65 வயது வரையிலான பெண்களை 5 ஆண்டுகளுக்கு ஒருமுறை பரிசோதிக்க வேண்டும் என்ற வழிகாட்டுதலை மத்திய சுகாதார அமைச்சகம் 2016-இல் வெளியிட்டபோது, இங்கே பணி தொடங்கிப் பல ஆண்டுகள் கடந்திருந்தன.

2019-21 காலகட்டத்தில் நடைபெற்ற ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு, 30 முதல் 49 வயது வரையிலான பெண்களிடம் கருப்பைவாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனை எப்போதேனும் செய்துகொண்டதுண்டா என்று கேட்டது. ஆம் என்றவர்கள் இந்திய அளவில் 1.9 சதவீதம், தமிழ்நாட்டில் 9.8 சதவீதம். நாட்டிலேயே உயர்ந்த அளவு என்று பெருமைப்படலாம். பத்தில் ஒருவர் மட்டும்தான் என்று கவலையும் படலாம்.

இந்த எண்ணை வேறொரு கோணத்திலும் பார்க்க வேண்டியிருக்கிறது. இது மருத்துவமனைப் பதிவேட்டிலிருந்து எடுக்கப்பட்டதன்று. பெண்கள் தாமே சொன்ன விடை. வேறு ஏதோ காரணத்துக்காக மருத்துவமனைக்குச் சென்று, 'உள்ளே பார்த்தார்கள்' என்ற அளவில் திரும்பிய பெண்ணொருவர், தமக்குப் புற்றுநோய்ப் பரிசோதனை நடந்ததையே அறியாதிருக்கக்கூடும். அப்படி ஒருவர் இருந்தால், பதிவேட்டில் அவர் பரிசோதிக்கப்பட்டவர். தம் அறிவில் பரிசோதிக்கப்படாதவர். ஐந்தாண்டுகள் கழித்து மீண்டும் வர வேண்டும் என்பது அவருக்கு எப்படித் தெரியும்? தம் சகோதரியிடமும் பக்கத்து வீட்டுப் பெண்ணிடமும் அவர் எதைச் சொல்வார்?

2030-க்குள் 15 வயதுக்குட்பட்ட சிறுமியரில் 90 சதவீதத்தினருக்குத் தடுப்பூசி, 35 வயதிலும் 45 வயதிலுமாகப் பெண்களில் 70 சதவீதத்தினருக்குப் பரிசோதனை, நோய் கண்டறியப்பட்டவர்களில் 90 சதவீதத்தினருக்குச் சிகிச்சை என்பது, உலக சுகாதார நிறுவனம் 2020-இல் அறிவித்த இலக்கு. தடுப்பூசி இந்தியாவிலேயே தயாராகிறது. சிறுமியருக்குப் படிப்படியாக அதைச் செலுத்துவதாகத் தமிழ்நாடு அரசும் 2025-26 நிதிநிலை அறிக்கையில் அறிவித்தது. ஆனால், இன்று தையல் இயந்திரத்தின் முன் அமர்ந்திருக்கும் 35 வயதுப் பெண்ணுக்கு அத்திட்டம் பயன்படாது. அவருடைய மகளுக்குத்தான் பயன்படும். தாய்க்கு இருக்கும் பாதுகாப்பு பரிசோதனை மட்டுமே.

எதைச் சொல்ல வேண்டும்?

பத்து நிமிடத்தில் செவிலியர் சொல்ல வேண்டியவை ஏராளமில்லை. ஆனால், ஒவ்வொன்றும் தவறாகச் சொல்லப்பட்டால் ஒரு பெண்ணை இழக்க நேரிடும்.

முதலாவது, எந்தத் தொந்தரவும் இல்லாதபோதே ஏன் வர வேண்டும் என்பது. 'எனக்குத்தான் ஒன்றுமில்லையே' என்பது பெண்கள் இயல்பாகச் சொல்லும் பதில். முன்னிலை மாற்றங்கள் வலியோ இரத்தப்போக்கோ தருவதில்லை. மாதவிலக்குக்கு இடைப்பட்ட நாள்களில் இரத்தப்போக்கு, உறவுக்குப் பின் இரத்தப்போக்கு, மாதவிலக்கு நின்றபின் மீண்டும் இரத்தப்போக்கு, துர்நாற்றத்துடன் வெள்ளைப்படுதல் ஆகியவை தோன்றும்போது நோய் ஏற்கெனவே முற்றியிருக்கக்கூடும். இவ்வறிகுறிகள் இருப்பவர் முகாமுக்காகக் காத்திராமல் உடனே மருத்துவரைப் பார்க்க வேண்டும். ஒன்றுமில்லாதபோது வருவதுதான் இந்தப் பரிசோதனையின் பொருள்.

இரண்டாவது, என்ன செய்யப்போகிறார்கள் என்பது. கருப்பையை எடுத்துவிடுவார்களோ, உள்ளே ஏதேனும் வைத்துவிடுவார்களோ என்ற அச்சங்கள் இருக்கும். கருவியைக் காட்டி, கரைசலைக் காட்டி, சற்றே எரிச்சல் இருக்கலாம், சில நிமிடங்களில் முடிந்துவிடும், வேண்டாம் என்றால் எந்தக் கட்டத்திலும் நிறுத்தச் சொல்லலாம் என்று கூறிவிட்டால் அச்சம் பெரிதும் தணியும். மாதவிலக்கு நாள்களில் வர வேண்டாம் என்பதையும் முன்னரே சொல்ல வேண்டும். இல்லையெனில், ஒரு நாள் கூலியை இழந்து வந்தவர் வெறுங்கையுடன் திரும்புவார்; மீண்டும் வரமாட்டார்.

மூன்றாவது, மிகக் கடினமானது. இக்கிருமி பாலுறவின் வழியே பரவுவது. இதை மறைத்தால் பெண்ணுக்கு உண்மையை மறுத்தவர்களாவோம். பக்குவமின்றிச் சொன்னால், ஒரு குடும்பத்தில் சந்தேகத்தை விதைத்தவர்களாவோம். உண்மையில், மணவாழ்வில் உள்ள ஆண்களிலும் பெண்களிலும் பெரும்பாலோருக்கு வாழ்நாளில் ஒருமுறையேனும் இத்தொற்று வந்து போகிறது. எப்போது வந்தது, யாரிடமிருந்து வந்தது என்று கூற எந்தச் சோதனையாலும் முடியாது. இது யாருடைய நடத்தைக்கும் சான்றன்று. இந்த மூன்று செய்திகளையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அதற்கு முகமும் குரலும் தயாராக இருக்க வேண்டும்; அந்தத் தயாரிப்பு பயிற்சியால் மட்டுமே வரும்.

நான்காவது, முடிவைச் சொல்லும் முறை. 'பாசிட்டிவ்' என்ற ஒற்றைச் சொல்லோடு ஒரு பெண்ணை அனுப்பிவிட்டால், அவர் தமக்குப் புற்றுநோய் வந்துவிட்டதாகவே எண்ணுவார். அம்பிளிக்கை ஆய்வில் பரிசோதிக்கப்பட்ட பெண்களில் ஏறத்தாழ பத்தில் ஒருவருக்கு வெண்திட்டு தெரிந்தது. ஆனால், அழைக்கப்பட்டும் வராதவர்களையும் சேர்த்து, அந்த 57 பகுதிகளிலும் ஆய்வுக்காலம் முழுவதும் கண்டறியப்பட்ட புற்றுநோய்கள் 167 மட்டுமே. 'வெண்திட்டு தெரிகிறது, இது புற்றுநோய் என்று பொருளல்ல, ஆனால், இன்னொரு சோதனை அவசியம், அது இன்ன இடத்தில், இன்ன நாளில் நடக்கும், நான் உங்களோடு பேசிக்கொண்டிருப்பேன்' என்று சொல்வதற்கு ஒரு நிமிடம் கூடுதலாகலாம். அந்த ஒரு நிமிடம் கிடைக்காததால் ஒருவர் சிகிச்சைக்கு வராமல் போனால், பரிசோதனையே வீணாகிறது.

ஐந்தாவது, சிகிச்சைக்குப் பின் என்ன நேரும் என்பது. உறைநிலைச் சிகிச்சைக்குப் பின் சில வாரங்கள் நீர்போன்ற கசிவு இருக்கும். சுமார் நான்கு வாரங்கள் உறவைத் தவிர்க்க வேண்டும். நாள் முழுவதும் ஒரே இடத்தில் அமர்ந்து தைக்கும் பெண்ணுக்கு முதலாவது செய்தி முக்கியம். கணவரிடம் விளக்க இயலாத பெண்ணுக்கு இரண்டாவது செய்தி முக்கியம். கணவரையும் அழைத்துப் பேச செவிலியர் முன்வரலாம். அந்தப் பெண் விரும்பினால் மட்டும்.

தோல் பகுதியின் தனித்தன்மைகள்

இந்தப் பொது விதிகள் எங்கும் பொருந்தும். வேலூர், ஆம்பூர் வட்டாரத்துக்கென்று சில தனிச் சிக்கல்களும் உண்டு.

முதலில் ஒரு தவறான எண்ணம். ஆலைக் கழிவுகளால் பாலாறும் நிலத்தடி நீரும் பட்ட பாட்டை இப்பகுதி மக்கள் மறக்கவில்லை. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996-இல் அளித்த தீர்ப்பு, நாட்டின் சுற்றுச்சூழல் சட்ட வரலாற்றில் ஒரு மைல்கல். ஆகவே, எந்த நோய் வந்தாலும் தண்ணீரையும் தோல் ஆலையையும் சந்தேகிப்பது இங்கு இயல்பு. பல நேரங்களில் அச்சந்தேகம் பொருளற்றதுமன்று. ஆனால், கருப்பைவாய்ப் புற்றுநோய்க்கு அடிப்படைக் காரணம் கிருமித் தொற்று. ஆலையில் வேலை செய்யாத பெண்ணுக்கும், நகரத்தில் சுத்தமான நீர் அருந்தும் பெண்ணுக்கும் அது வரலாம். 'நான் ஆலைக்கே போவதில்லை. எனக்கு ஏன் பரிசோதனை?' என்று வீட்டிலிருந்து தைக்கும் பெண் கேட்டால், பதில் சொல்லச் செவிலியருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

அடுத்தது மொழி. ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் பேர்ணாம்பட்டிலும் வீட்டில் உருது பேசும் குடும்பங்கள் ஏராளம். ஆந்திர எல்லையை ஒட்டிய ஊர்களில் தெலுங்கு பேசுவோரும் உள்ளனர். கடைவீதியில் தமிழ் பேசும் பெண்ணும், தம் உடலின் மறைவான பகுதியைப் பற்றித் தாய்மொழியில்தான் பேச விரும்புவார். தமிழிலேயே 'கருப்பைவாய்' என்ற சொல் பாடநூலில் இருக்கும் அளவுக்குப் பேச்சில் இல்லை. 'கர்ப்பப்பையின் வாய்ப்பகுதி' என்று விளக்கி, ஒரு படத்தையோ துணியால் செய்த மாதிரியையோ காட்டினால் புரிகிறது. உருது அறிந்த உள்ளூர்ப் பெண்களைச் செவிலியர் பயிற்சிக்குத் தேர்ந்தெடுப்பதும், தன்னார்வலர்களாகச் சேர்ப்பதும் இங்கே அடிப்படைத் தேவை.

மூன்றாவது நேரம். ஆரம்ப சுகாதார நிலையத்தின் வேலை நேரமும் ஆலையின் வேலை நேரமும் ஏறக்குறைய ஒன்றே. பரிசோதனை இலவசமாக இருக்கலாம்; ஆனால், அதற்காக எடுக்கும் விடுப்பு இலவசமன்று. எனவே, ஆலைக்கே பரிசோதனையைக் கொண்டுசெல்வது இயல்பான தீர்வாகத் தோன்றும். 500-க்கும் மேற்பட்டோர் பணிபுரியும் ஆலைகளில் செவிலியருடன் கூடிய மருத்துவ அறை இருக்க வேண்டும் என்று 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டமே வகுத்திருந்தது. தொழிலாளர் அரசுக் காப்பீட்டுத் திட்டத்தின் மருந்தகங்களும் உள்ளன. அறைகளும் பணியாளர்களும் இருக்கும் இடங்களில் பணியைத் தொடங்குவது அரிதன்று.

ஆனால், ஆலைக்குள் நடக்கும் பரிசோதனையில் ஓர் ஆபத்தும் உண்டு. மேற்பார்வையாளர் பெயர்ப் பட்டியலை வாசித்து வரிசையில் நிற்க வைத்தால், அது அழைப்பன்று, கட்டளை. யாருக்கு என்ன முடிவு வந்தது என்பது நிர்வாகத்தின் காதுக்கு எட்டினால், வேலை போய்விடுமோ என்ற அச்சம் எழும். அச்சத்தில் வந்த பெண் அடுத்த முறை வரமாட்டார். ஆகவே, ஆலையில் பணிபுரியும் செவிலியருக்கு அளிக்கும் பயிற்சியில், முடிவுகளை நிர்வாகத்திடம் பகிரக் கூடாது என்பது முதல் பாடமாக இருக்க வேண்டும். நிர்வாகம் தர வேண்டியவை மூன்று மட்டுமே: ஊதியத்துடன் கூடிய அரை நாள், கதவைத் தாழிடக்கூடிய ஓர் அறை, கேள்வி கேட்காமல் இருக்கும் பண்பு.

வேலூருக்கு இது புதிதன்று

1890-களில் திண்டிவனத்தில், ஒரே இரவில் மூன்று இளம் பெண்கள் பேறுகால வேதனையில் இருந்தபோது, அவர்களுடைய குடும்பத்தார் ஆண் மருத்துவரை அனுமதிக்க மறுத்தனர். விடிவதற்குள் மூவரும் இறந்துவிட்டனர். அந்த இரவே ஐடா ஸ்கடரை மருத்துவம் படிக்கத் தூண்டியது. அவர் 1900-இல் வேலூரில் தொடங்கிய சிறு மருத்துவப் பணிதான் பின்னர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியாக வளர்ந்தது. 1909-இல் அங்கே செவிலியர் பள்ளி தொடங்கியது. 1918-இல்தான் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி. மருத்துவர்களைப் பயிற்றுவிக்கும் முன்பே செவிலியர்களைப் பயிற்றுவித்த ஊர் இது. 1946-இல் செவிலியர் பட்டப்படிப்பை நாட்டிலேயே முதலில் தொடங்கிய கல்வி நிலையங்களுள் ஒன்றும் இங்கேதான் உள்ளது. 1977-இல் கீழ்வைத்தியனான்குப்பம் வட்டாரத்தில் தொடங்கிய ஊரக நலப்பணியும் இந்த மரபின் தொடர்ச்சியே.

வேலூரின் வரலாறு சொல்வது இதுதான்: பெண்ணிடம் பேசக்கூடியவர் இல்லாதபோது, மருந்து இருந்தும் பயனில்லை. அன்று தடையாக இருந்தது ஆண் மருத்துவரைக் கண்ட தயக்கம். இன்று பெண் செவிலியர்கள் இருக்கிறார்கள். ஆனால், அவர்கள் தலையில் பிரசவம், தடுப்பூசி, சர்க்கரை, இரத்த அழுத்த மாத்திரைகள், பதிவேடுகள், இணையப் பதிவுகள் என்று வேலை குவிந்து கிடக்கிறது. தொகுப்பூதியத்தில் பணிபுரியும் செவிலியர்கள் பணி நிரந்தரம் கோரிப் பல ஆண்டுகளாகப் போராடிவருகிறார்கள். பேசுவதற்குப் பயிற்சி அளித்துவிட்டு, பேச நேரம் தராதிருப்பது எவ்வகையிலும் நியாயமன்று.

தோல் பகுதிக்கு இப்போது ஒரு வாய்ப்பு வாய்த்திருக்கிறது. 2019-இல் வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிக்கப்பட்டபின், ஆம்பூரும் வாணியம்பாடியும் திருப்பத்தூர் மாவட்டத்தின் பகுதிகளாயின. ராணிப்பேட்டை தனி மாவட்டமாயிற்று. தமிழ்நாடு அரசு 2023-இல் ஒருங்கிணைந்த புற்றுநோய் கண்டறியும் திட்டத்தைச் சோதனை முறையில் நான்கு மாவட்டங்களில் தொடங்கியபோது, ஈரோடு, கன்னியாகுமரி மாவட்டங்களுடன் ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் தேர்ந்தெடுக்கப்பட்டன. 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தின் பெண் தன்னார்வலர்கள் 2021 முதலே வீடுவீடாகச் சென்றுவருகிறார்கள். அழைப்பை வீட்டு வாசலுக்குக் கொண்டுசெல்ல ஆள் இருக்கிறது. அழைப்பை ஏற்று வரும் பெண்ணிடம் பேசத் தயாரான செவிலியர் மறுமுனையில் இருக்க வேண்டும்.

செய்யக்கூடியவை

பேசும் பயிற்சியைக் கூடுதல் சொற்பொழிவாகச் சேர்த்தால் போதாது. செவிலியர் ஒருவர் தயங்கும் பெண்ணாகவும், மற்றொருவர் மாமியாராகவும் நடிக்க, மூன்றாமவர் பேசிப் பழக வேண்டும். மற்றவர்கள் கேட்டுத் திருத்த வேண்டும். கண்ணால் பார்க்கும் முறையில் பார்ப்பவரின் தேர்ச்சியே எல்லாம் என்பதால், அதற்கு மறுபயிற்சி தேவை என்பதை வல்லுநர்கள் வலியுறுத்துகிறார்கள். பேசும் கலைக்கும் அதே மறுபயிற்சி வேண்டும். பயிற்சி பெற்றவரை ஆறே மாதத்தில் வேறு பணிக்கு மாற்றும் வழக்கமும் நிற்க வேண்டும்.

பெண்ணே தம் மாதிரியைத் தாமே எடுத்துத் தரக்கூடிய எச்.பி.வி. மரபணுச் சோதனையை உலக சுகாதார நிறுவனம் 2021-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் பரிந்துரைத்துள்ளது. அது பரவலாகும்போது கூச்சம் என்ற தடை பெருமளவு விலகும். அப்போது செவிலியரின் பேச்சுக்கு இடமில்லாமல் போய்விடாது, இன்னும் கூடும். எப்படி எடுப்பது, கிருமி இருக்கிறது என்றால் என்ன பொருள், அடுத்து எங்கே செல்வது என்பவற்றை யாரோ ஒருவர் சொல்லித்தான் ஆக வேண்டும்.

இறுதியாக, கணக்கிடும் முறையும் மாற வேண்டும். எத்தனை பேரைப் பரிசோதித்தோம் என்பதை மட்டும் மேலிடத்துக்கு அனுப்பினால், செவிலியரின் கவனமும் எண்ணிக்கையிலேயே நிற்கும். வெண்திட்டு தெரிந்தவர்களில் எத்தனை பேர் சிகிச்சையை முடித்தார்கள் என்பதையும் அதே படிவத்தில் கேட்க வேண்டும். இன்னொரு கேள்வியையும் அவ்வப்போது சிலரிடமாவது கேட்டுப் பார்க்கலாம். பரிசோதனை முடிந்து வெளியே வரும் பெண்ணிடம், 'உங்களுக்கு என்ன பார்த்தார்கள்? என்ன சொன்னார்கள்? அடுத்து எப்போது வர வேண்டும்?' என்று கேட்க வேண்டும். இம்மூன்றுக்கும் அவர் தம் சொந்தச் சொற்களில் விடை கூறினால், செவிலியரின் பத்து நிமிடம் பயன்பட்டிருக்கிறது. மறுநாள் காலை ஆலைப் பேருந்தில் பக்கத்து இருக்கைப் பெண்ணிடம் அவர் அதே விடைகளைச் சொல்வார். அதற்குப் பின் வரும் அழைப்பை அந்தப் பக்கத்து இருக்கைப் பெண் மறுப்பதற்குக் காரணம் குறைவாகவே இருக்கும்.